அடுத்த வருஷத்தில் குடியிருந்தவன்

போன ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனன் முருகேசன் சாத்தூரிலிருந்து வந்திருந்தான். மகளுக்குக் கல்யாணம். தட்டில் பழம், வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை நீட்டினான்.

வாங்கிய என் கை என்ன செய்தது தெரியுமா? நேராகச் சட்டைப்பைக்குப் போனது — சிவப்புப் பேனாவை எடுக்க!

சமையலறை வாசலில் நின்ற என் மனைவி செல்வி சொன்னாள்: "தப்பு அப்புறம் பாக்கலாம். மொதல்ல கெழமையப் பாருங்க."

முருகேசன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன்... கொஞ்சம் அசடு வழியத்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பத்தி எழுத வருவதற்கு முன்பு சிவகாசியில் ஒரு கம்பெனியில் ப்ரூஃப் ரீடர் நான். தினசரி காலண்டர். ஒவ்வொரு தாளிலும் ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம், சந்திராஷ்டமம். ஒரு எண் இடறினால் ஊர் ஊராகத் திட்டு வரும். வரவே கூடாது என்று ஒரு வெறி எனக்கு. நான் ப்ரூஃப் பார்க்கும்போது யார் போன் செய்தாலும் கூப்பிடக் கூடாது என்று ஆபீஸில் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தேன்.

என்ன நாட்கள் அவை! அந்த மை வாசம், மிஷின் சத்தம், விரலில் காயாத சிவப்பு மை... ஆடி பிறந்தால் எங்களுக்கு அடுத்த வருஷமே பிறந்துவிடும். இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது. வீட்டுச் சுவரில்கூட அடுத்த வருஷத்து ப்ரூஃப் தாள்களைத்தான் தைத்து மாட்டியிருந்தேன். சாப்பிடும்போதும் தப்புத் தேடலாமே!

செல்வி எது கேட்டாலும் ஒரே பதில்தான். கோயிலுக்கு? சீசன் முடியட்டும். ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் நிறைந்திருக்கிறதாம், பார்த்துவிட்டு வரலாமா? சீசன் முடியட்டும்.

அப்படி ஒரு சீசனில்தான் முருகேசனுக்குக் கல்யாணம். ஆவணி இருபது. மாப்பிள்ளைக்கு அக்காள் என்பதால் செல்வி இரண்டு நாள் முன்பே போய்விட்டாள். தேதி எனக்கு நன்றாக நினைவிருந்தது. என்ன கிழமை? சுவரில் புரட்டிப் பார்த்தேன். வெள்ளி. கம்பெனியில் வெள்ளிக்கு லீவும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை பட்டு வேட்டியோடு சாத்தூரில் போய் இறங்கினால்... மண்டப வாசலில் வாழை மரத்தை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள்!

ஆமாம். ஆவணி இருபது அடுத்த வருஷம்தான் வெள்ளி. அந்த வருஷம் அது வியாழன். முந்தின நாள் செல்வி நாத்தனார் முடிச்சுப் போட்டபோது பக்கத்தில் நான் இல்லை. கல்யாண வீட்டிலிருந்து கம்பெனிக்கு மூன்று முறை போன் போயிருக்கிறது. என் உத்தரவுப்படி யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

"வாங்க மாப்ளே, சாப்பிட்டீகளா?" என்றார் மாமியார். நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

செல்விதான் பேசினாள். "ஒங்க காலண்டர்ல ஒரு தப்புகூட இருக்காது. ஒங்களுக்குத்தான் இன்னிக்கு என்ன தேதின்னு தெரியல."

கிளம்பலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"சீசன் முடியட்டும். வர்றேன்."

சொன்னபடியே தை பிறந்துதான் வந்தாள். நடுவில் காலண்டர் வெளிவந்தது. ஒரு தப்பு இல்லை. முதலாளி பொன்னாடை போர்த்தினார். அதைத் தோளில் போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனேன். பூட்டை நானே திறந்தேன். காட்ட ஆளில்லை. உட்கார்ந்து அழுதேன்... சொல்வதில் வெட்கமில்லை.

வேலைப் பைத்தியங்களுக்கு வீட்டின் மேல் பாசம் இல்லை என்று யார் சொன்னது? நிறையவே உண்டு. அதை 'அப்புறம்' என்று எடுத்து வைத்துவிடுகிறோம், அவ்வளவுதான். பட்டாசோ காலண்டரோ, எங்கள் பக்கம் ஒரு சீசன் முடிவது அடுத்த சீசன் தொடங்கத்தானே?

முருகேசன் கிளம்பிய பிறகு செல்வி சுவர்க் காலண்டரில் கல்யாண நாளின் தாளை மடித்து வைத்தாள். இந்த வருஷத்துக் காலண்டர்தான். நானும் எழுந்துபோய் ஒரு முறை சரிபார்த்தேன். இந்தத் தடவை அவளோடு இரண்டு நாள் முன்பே போகிறேன்.

பத்திரிகையில் மூன்றாவது வரியில் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது. நான் சொல்லவில்லை. சாத்தூர்ப் பக்கத்து வாசகர்களே — நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!