அப்பாவின் துப்பாக்கிக்கு என் கையெழுத்து

அப்பா இறந்தது அவருடைய துப்பாக்கியால்தான். குலசேகரத்துக்கு மேலே காட்டோரத்தில் எங்களுக்கு மரச்சீனிக் கிழங்குத் தோட்டம் இருந்தது. பன்றி விரட்ட லைசென்ஸ் எடுத்து வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி. துடைக்கும்போது வெடித்துவிட்டது என்று போலீஸ் எழுதி முடித்தது. தோட்டா போட்ட துப்பாக்கியை அப்பா ஒருநாளும் துடைத்ததில்லை. அண்ணனுக்கும் எனக்கும் அது தெரியும். நாங்கள் அதைப் பேசிக்கொண்டதில்லை.

வழக்கு முடிந்ததும் துப்பாக்கியை நாகர்கோவிலில் ஓர் ஆயுத வியாபாரியிடம் ஒப்படைத்தார்கள். ஆள் போனால் லைசென்ஸும் போய்விடும். வாரிசு கேட்டால், அவன் குடியிருக்கும் ஊரில் புது லைசென்ஸ் எடுக்க வேண்டும். மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று முத்திரைத்தாளில் கையெழுத்திட வேண்டும். அதன்பிறகுதான் அது மாநில எல்லையைத் தாண்டலாம். அண்ணன் திருவனந்தபுரத்தில், வலியசாலையில் வாடகை வீட்டில் இருந்தான். சாலைக் கடைத்தெருவில் ஆணி, பூட்டு விற்கும் கடை. அம்மா முன்பே போய்விட்டாள். மற்ற வாரிசு என்றால் நான்தான். விழிஞ்ஞத்தில் மீன்பெட்டி சுமந்து, அது தோளைக் கெடுத்தபின் தம்பானூரில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் லைசென்ஸுக்கு எழுதிப்போட்டு, விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்த அன்று நானும் அவன் வீட்டில் சாப்பிடப் போயிருந்தேன். மலையாளிதான், அண்ணன் மனைவியிடம், என் மைனியிடம், தனக்கு வந்த தமிழில் கேட்டார்.

"சேச்சி, ஆளு குடிக்குமோ? வீட்டுல வழக்கு, சண்டை ஒண்ணும் இல்லல்லோ?"

மைனி அண்ணனைப் பார்த்தாள். அவன் பக்கத்திலேயே நின்றான்.

"ஒண்ணும் இல்ல சாரே."

"பின்னே இந்தப் பட்டணத்துல எந்தப் பன்னிய வெடிவைக்கப் போறீங்க?" என்று சிரித்துவிட்டு, தந்த காப்பியைக் குடித்துப் போனார்.

கை கழுவ நான் பின்பக்கம் போனபோது மைனி கூடவே வந்தாள்.

"தம்பி, மத்தியானமே கடையப் பூட்டிட்டு வந்துருதாவ. சுவரப் பாத்து இருக்காவ. கூப்பிட்டா கேக்கது இல்ல. மாமா கடைசியில இப்படித்தானே இருந்தாவ?"

நான் குழாயை மூடினேன்.

"போலீசுகிட்ட அவ்வள பக்கத்துல வச்சிட்டு நான் என்னத்தச் சொல்ல? நீரு அந்த முத்திரைத்தாளுல ஒப்பு போடாதேயும்."

வஞ்சியூரில் வக்கீல் அலுவலகத்தில் முத்திரைத்தாள் தட்டச்சாகி இருந்தது. அண்ணன் பேனாவைத் திறந்து நீட்டினான்.

"நான் போடல," என்றேன்.

"ஏம்ல? ஒனக்கு வேணுமா? படுக்க ஒரு விலாசம் இல்லாதவனுக்கு எவம்ல லைசென்ஸ் தருவான்?"

"எனக்கு வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும்."

"யாருல சொல்லித் தந்தா?"

"யாரும் இல்ல."

அவன் முகத்தைப் பார்த்தேன். கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்பா கை பட்ட சாமான்லே. கண்டவன் கடையில கழுத்துல அட்டையக் கட்டி நிக்குது." பேனாவை மூடிப் பைக்குள் வைத்தான். அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

சின்ன வயதில், சரஸ்வதி பூஜைக்குச் சாமான் வைக்கும் பூஜைவைப்பு நாளில் அப்பா அந்தத் துப்பாக்கிக்குச் சந்தனம் தொட்டு, வெட்டுகத்திக்கும் எங்கள் பாடப்புத்தகங்களுக்கும் நடுவே சாத்திவைப்பார். விஜயதசமியன்று அவரவர் பொருளை அவரவர் எடுக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் நான் புத்தகத்தை எடுக்கவில்லை. அதோடு படிப்பு போயிற்று. துப்பாக்கியை அப்பா தவறாமல் எடுத்தார்.

இப்போது வருஷாவருஷம் பூஜைவைப்பு நாளில் அண்ணன் நாகர்கோவில் பஸ் ஏறுகிறான். கையில் வாழையிலைத் துண்டில் சந்தனம். வியாபாரி நல்ல மனுஷன். அலமாரியைத் திறந்து தொட விடுகிறார், பக்கத்திலேயே நிற்கிறார். தொட்டுவிட்டு அண்ணன் திரும்பி வருகிறான். இதை மைனி சொல்லித்தான் அறிவேன்.

நான் பிறகு திருப்பூர், மங்களூர் என்று எங்கெங்கோ போனேன். எங்கே இருந்தாலும் அன்று சாயங்காலம் ஒரு பூத்தில் நின்று வலியசாலைக்கு போன் செய்கிறேன். எடுப்பவள் மைனி. அவளுக்குப் பின்னால் வீட்டில் சத்தமே இருக்காது. எனக்கு அப்பாவின் வீடு ஞாபகம் வரும்.

"வந்தாச்சா?"

"வந்தாவ. விரல்ல சந்தனம் காஞ்சு கெடக்கு. கழுவாமச் சோறு திங்காவ."

சரி என்று வைத்துவிடுகிறேன்.