மரத்துக்குப் பக்கத்து மரம்

என் வீட்டுக்காரர் நகராட்சியில் மரங்களைக் கணக்கெடுப்பவர். ஊரிலுள்ள மரங்களையெல்லாம் வரைபடத்தில் புள்ளிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் மிக அருகில் நிற்கும் மரம் எது, எவ்வளவு தூரத்தில் என்று 'ஆர்' என்ற கணினி மொழியில் நிரல் எழுதிக் கேட்டார். எல்லா மரத்துக்கும் தூரம் பூஜ்யம் என்று வந்தது. காலை முழுக்கக் கணினியைத் திட்டித் தீர்த்தார். பிறகுதான் உறைத்தது. எந்த மரத்துக்கும் மிக அருகில் இருப்பது அதே மரம்தானே! மிக அருகிலுள்ள இரண்டு மரங்களைக் கேட்டு, முதலாவதாக வரும் அதே மரத்தைத் தள்ளிவிட்டால், உண்மையான பக்கத்து மரம் கிடைத்துவிடும்.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே இதை எனக்கு விளக்கினார். முகத்தில் மலையைப் புரட்டிவிட்ட பெருமை.

"அதெல்லாம் சரி. பக்கத்து வீட்டுக்காரர் என்ன வேலை பாக்குறாரு?" என்று கேட்டேன்.

மோவாயைத் தடவினார். "பேங்க்லன்னு நெனைக்கிறேன்."

"பஸ் ஓட்டுறாரு. அந்த பஸ்லதான் நீங்க தினமும் ஆபீசுக்குப் போறீங்க."

குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்.

"மரத்துக்குச் செஞ்ச மாதிரி இங்கயும் அந்த முதல் ஆளை, உங்களைத்தான், கொஞ்சம் தள்ளி வச்சுட்டுப் பாருங்க" என்றேன்.