சுட்டுப் பார்த்த கடல் மண்

மண்ணைக் கண்டால் எங்கள் ஊர்க்காரர்களால் சும்மா இருக்க முடியாது. விருத்தாசலத்தில் தெருவுக்கு நாலு பேர் பீங்கான் வேலைக்காரர்கள். புது மண் எது வந்தாலும் தண்ணீரில் கரைத்து, சல்லடையில் வடித்து, விரல் நீளத்துக்கு ஒரு துண்டு பிடித்து, சூளையில் சுட்டுப் பார்த்தால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். இது தெரிந்தும் அந்தப் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போன என்னை எதால் அடிப்பது?

பெட்டிக்குள் நாற்பது பாக்கெட். கடலூருக்குக் கிழக்கே, கண்டத் திட்டு முடிந்து கடல் சரேலென்று ஆழமாகும் சரிவில், கப்பலிலிருந்து குழாய் இறக்கி எடுத்த அடிமண். சென்டிமீட்டருக்கு ஒன்றாக அறுத்து, உலர்த்தி, மேலிருந்து கீழாக எண் போட்டிருந்தேன். அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் ஆற்றோடு வந்தவை. சுண்ணாம்பு, பொடி உயிர்களின் ஓடு. கரிமம், செத்து மூழ்கியவற்றின் மிச்சம். எந்த அடுக்கில் எது எவ்வளவு என்று அளந்தால்தான் என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். அளக்கும் கருவி வெளியூரில் இருந்தது. அங்கே கொண்டுபோகும் வழியில் பெட்டியை வீட்டில் இறக்கிவிட்டு, வேப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் தங்கினேன்.

திரும்பி வந்தபோது, பியூஸ் கட்டை செய்யும் பட்டறையில் மண் கலக்கும் என் அண்ணன், வாயெல்லாம் பல்லாக நின்றார். கையில் செங்கல் நிறத்தில் வெடித்துப்போன ஒரு துண்டு.

"பாப்பா, ஒம் மண்ணு ஒரே உப்பு. மூணு தண்ணி மாத்திக் கழுவுனேன். சல்லடையில கிளிஞ்சலு நறநறன்னு நின்னுச்சி, கொட்டிட்டேன்."

"பாக்கெட்டெல்லாம் எங்கண்ணா?"

"எல்லாம் ஒரே மண்ணுதான? ஒரே பக்கெட்டுல போட்டுட்டேன். பாரு, செவப்பா வந்திருக்குது, இரும்பு தூக்கலு. சுண்ணாம்பும் இருக்குது, அதான் வெடிச்சிருக்குது. இது எதுக்கும் ஆவாது. யாருகிட்டயோ ஏமாந்துட்ட."

எரிச்சல் என்னவென்றால், இரும்பும் சுண்ணாம்பும் அவர் சொன்னபடியேதான். கரிமம் மட்டும் சூளையோடு போய்விட்டது. வாய்க்கு வந்தபடி கத்தினேன். என் ஒருத்திக்காகக் கப்பல் மறுபடி போகுமா, இந்த வருஷப் பட்டம் போச்சே, அடுக்கு கலைந்த மண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

"திரும்ப அள்ள முடியாதா? கடலூர்ல போட்டுக்காரங்க தெரிஞ்சவங்க இருக்காங்க" என்றார்.

ஆயிரம் மீட்டருக்கும் கீழே என்றேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த துண்டைத் தரையில் வைத்துவிட்டு, "ஏழு வருசமா படிக்கிற. என்னா படிக்கிறன்னு கேட்டா, ஒனக்கு வெளங்காதுண்ணான்னு சொல்லுவ. வரிசதான் முக்கியம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எனக்கா வெளங்காது?" என்றார்.

மறுநாள் என் ஆய்வு வழிகாட்டிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: மாதிரிகள் கவனக்குறைவால் அழிந்துவிட்டன. யாருடைய கவனக்குறைவு என்று உடனே கேட்டு எழுதினார். 'என்னுடையது' என்ற ஒரு சொல்லைத் தட்டச்சு செய்ய எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.