பக்கத்து வளவுச் சத்தம்

செவிடன் காதில் சங்கு ஊதினது போல என்று சொல்வார்கள். பழமொழி சொன்ன மனிசன் ஒன்றை யோசிக்கவில்லை. அந்தச் சங்கு பக்கத்து வீட்டுக்காரிக்கு நன்றாகக் கேட்கும். ஜெயபுரத்தில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி நான்.

வேலிக்கு அங்கால் புருஷன் பெண்சாதியாய் ஒரு அண்ணையும் அக்காவும். சண்டைக் காலத்தில் பக்கத்தில் செல் விழுந்து வெடித்த நாளிலிருந்து அண்ணைக்கு இரண்டு காதும் மந்தம். அதனால் அக்கா எதையும் கத்தித்தான் சொல்வார். விடிய ஐந்து மணிக்குத் தேத்தண்ணி ஆறுகிறது என்று தொடங்கினால், கோழி அடைகிற நேரம் வரைக்கும் ஓயாது. வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும், யார் வீட்டில் சம்பந்தம் குழம்பியது, அண்ணைக்கு வயிறு இளகியது, எல்லாம் அவருக்குத் தெரிகிற நேரத்திலேயே எனக்கும் தெரியும். மத்தியானம் குசினியிலிருந்து, "இஞ்சேருங்கோ, உப்புக் காணுமோ?" என்று கேட்பார். "ஆரைக் காணேல்லை?" என்பார் அண்ணை. ஒருவரையும் தேடவேண்டாம், உப்புப் போதுமோ என்று கறியை வாயில் விட்டுப் பார்த்துச் சொன்னால் போதும் என்று அக்கா இன்னும் கூட்டிக் கத்துவார்.

எனக்குத் தலை இடிக்கும். என் கணவர் இறந்தபிறகு தனியாக இருக்கிறவள் நான். மத்தியானத்தில் ஒரு கண் அயர விடுகிறார்கள் இல்லையே என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே கிடப்பேன்.

பொதுநோக்கு மண்டபத்தில் காது பார்க்கிற முகாம் நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும், ஓடிப்போய் அக்காவிடம் சொன்னவள் நான்தான். இவ்வளவு காலமும் கேளாமல் நிம்மதியாக இருந்துவிட்டேன், இனி எதற்கு என்று அண்ணை மறுத்தார். நான் விடவில்லை. பின்னால் நின்று தள்ளாத குறையாகக் கூட்டிக்கொண்டு போனேன். அயலுக்கு உபகாரம் என்று ஊரார் மெச்சினார்கள். அது என் காதுக்குச் செய்த உபகாரம் என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

காதுக்குப் பின்னால் கொளுவுகிற மெசின் ஒன்று கொடுத்தார்கள். அன்றோடு பக்கத்து வளவு அடங்கிவிட்டது.

முதல் கிழமை ஏழு நாளும் நல்ல நித்திரை. இரண்டாம் கிழமை ஏதோ குறைந்தது. அக்கா உப்புக் கேட்கிற நேரத்தில் என் கறியையும் ஒருக்கா ருசி பார்ப்பது எனக்குப் பழக்கமாய் இருந்திருக்கிறது. கேள்வி நின்றபிறகுதான் அது தெரிந்தது. சில நாள் உப்பே போடாத கறியோடு சாப்பிட்டு எழும்பினேன். வேலிக்கு அங்கால் மெல்லிய கதை கேட்கும். திடீரென்று இருவரும் சிரிப்பார்கள். என்னத்துக்கு என்று தெரியாது. இத்தனை வருஷம் கத்திக் கதைத்தவர்கள் இரகசியம் கதைக்கப் பழகிவிட்டார்கள். நல்லது நடந்த வீட்டைப் பார்த்து ஏங்கினால் அதற்குப் பொறாமை என்று பெயர். எனக்கும் வேறு பெயர் தெரியவில்லை. மெல்லச் சொன்னால் கேட்கிற காது எனக்கு இருக்கிறது. சொல்லத்தான் ஆள் இல்லை.

ஒரு நாள் காலை அந்த மெசினின் பற்றறி இறங்கிப்போனது. "இஞ்சேருங்கோ" என்று அக்கா போட்ட சத்தத்தில் என் குசினிக் கோப்பைகள் அதிர்ந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று நான் கிளிநொச்சிக்குப் போகிற நாள். நாங்கள் போய்வர வேலியில் ஓலை விலக்கி விட்ட பொட்டுக்குள்ளால் அக்கா தலையை நீட்டி, வரும்போது புதுப் பற்றறி ஒன்று வாங்கிவரச் சொன்னார். சட்டைப் பொத்தான் அளவு சாமான். மூன்றாவது கடையில்தான் கிடைத்தது. பஸ்ஸில் வரும் வழி முழுக்க அதைப் பையின் அடிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

"கிடைக்கேல்லை அக்கா" என்றேன்.

பின்னேரம் முற்றத்தில் கதிரையைப் போட்டு, கச்சேரி கேட்கிறவள் போல இருந்தேன். கோழி வந்தது, வாய்க்கால் வந்தது, குழம்பிய சம்பந்தம் திரும்பப் பொருந்தியதும் வந்தது. பிறகு இதுவும் வந்தது.

"பிள்ளை பாவம். எங்களுக்காகக் கடை கடையா அலைஞ்சு களைச்சு வந்திருக்குது."

"ஆருக்குச் சளி?"

"சளியில்லை, களைப்பு. தனிச் சீவன் அது. இனி அதிட்டை ஒண்டும் வாங்கிவரச் சொல்லக்கூடாது."

கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கதவைச் சாத்தியும் கேட்டது.

விடிந்ததும் பொட்டால் போய்ப் பற்றறியை நீட்டினேன். எங்கே கிடைத்தது என்று அக்கா கேட்டார். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் துணை வேண்டும் என்பார்கள். என்னிடம் ஒன்றுகூட இல்லை.

"நேற்றே வாங்கினனான் அக்கா."

"மறந்துபோனியோ?"

"இல்லை. உங்கடை சத்தம் இல்லாமல் இருக்கேலாமல் கிடக்குது."

அக்கா பற்றறியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தால் இருவரும் கதைப்பது கேட்டது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நிற்பதா திரும்புவதா என்று தெரியாமல் காலை மாற்றி மாற்றி நின்றேன்.

அண்ணை வெளியே வந்தார். முன்பெல்லாம் தனக்குக் கேளாதது மற்றவர்களுக்கும் கேளாது என்று கத்துகிற மனிதர். இப்போது பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் சொல்வதுபோல மெல்லச் சொன்னார்.

"உள்ளுக்கு வா பிள்ளை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

கேட்டது. ஆனாலும், "என்னண்ணை?" என்று இன்னொருக்கா கேட்டேன்.