குழாயடியில் சேலை பிழிந்தவர்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை, ஞாபகமும் முன்போல் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்த சமயம் காஜா பெராங் கிராமத்தில், கம்பம் என்போம், எங்கள் பக்கத்து வீட்டில் பட்டாளத்துக்காரர் ஒருவர் இருந்தார். முறுக்கு மீசை. காட்டுச் சண்டையில் குண்டுபட்டு ஒரு கால் சற்று இழுக்கும். பெண்கள் கூடும் கம்பத்துக் குழாயடிக்கு அவர்தான் மனைவியின் சேலைகளைக் கொண்டுவந்து துவைப்பார். கொடியில் பட்டாள வரிசை மாதிரி நேராகக் காயப்போடுவார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நிறைமாதத்திலும் என் வீட்டுத் துணியை நான்தான் துவைத்தேன்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "பொண்டாட்டி சேலையத் தொவைக்க வெக்கமா இல்லையாண்ணே?"

அவர் தலை நிமிராமல் பிழிந்துகொண்டே சொன்னார். "செத்துப்போன கூட்டாளி சட்டையில இருந்த ரத்தத்த இந்தக் கையாலதான் அலசினேன் தங்கச்சி. சேலைக்கா வெக்கம்? உன் வாளியையும் இப்படித் தள்ளு லா."

நான் கொடுக்கவில்லை. அன்று என் கணவருக்குச் சோறு போடும்போது கரண்டியைத் தட்டில் ஓங்கித் தட்டினேன். ஏனென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

இழுத்த கால் வலதா இடதா என்பது மறந்துவிட்டது. அவர் மகள் செமாபோக்கில் இருக்கிறாள். யாராவது அவளிடம் கேட்டுத் திருத்துங்கள். அவள் அம்மாமேல் நான் பட்ட பொறாமையை மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம்.