பட்டியலில் இல்லாத இறக்கம்

நான் வேலை செய்வது மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில். புதுச்சேரி மேட்டுப்பாளையம், ஊட்டி ரயில் கிளம்புகிற ஊர் அல்ல. தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு மைதானம் உண்டு. மாலை ஐந்தரைக்கு ஷிப்டு முடிந்ததும் அது ஆண்களின் கிரிக்கெட் அணிக்கு. வாரத்தில் இரண்டு நாள் பெண்களுக்கு விடுங்கள், ஏழு பேர் ஓட்டப் பயிற்சி செய்ய விரும்புகிறோம் என்று நான் எழுதிய கடிதம் மேலாளரின் மேசையில் மூன்று மாதம் கிடந்தது. கடைசியில் கூப்பிட்டார்.

“ஓடறோம் ஓடறோம்னா எப்படிம்மா நம்பறது? எங்கனா ஒரு போட்டியில ஓடி சர்ட்டிபிகேட் எடுத்துட்டு வா. அப்பறம் பேசலாம்.”

கிரிக்கெட் அணியிடம் யாரும் சான்றிதழ் கேட்டதில்லை. அதை அங்கேயே சொல்லாமல் வந்தது என் தவறு.

எங்கள் விடுமுறைக்குப் பொருந்தியது ஒரே போட்டி. நீலகிரியில் ஒரு சின்ன ஊரில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம். முதல் ஐந்து கிலோமீட்டர் ஏற்றம், அடுத்த ஐந்து இறக்கம். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால்தான் சான்றிதழ். மற்ற ஆறு பேரையும் வீட்டில் விடவில்லை. ஏழு பேருக்குமாக நான் போவதென்று முடிவானது.

தரப் பரிசோதனை என் வேலை. எழுதி வைக்காமல் எதையும் தொடங்க மாட்டேன். நோட்டில் எழுதினேன்: மூச்சு, கெண்டைக்கால், குளிர், ஷூ. எங்கள் ஊரில் மேடு கிடையாது என்பதால் உப்பளம் மைதானத்தின் கேலரிப் படிகளை நம்பிப் போனேன். காவலாளி பூட்டைத் தொடவில்லை.

“மேட்ச் இருந்தாதான் தொறப்போம்.”

“மேட்ச் அன்னிக்கு ஆளுங்க உக்காந்திருப்பாங்களேண்ணா, எப்படி ஏறி எறங்கறது?”

“அதான் சொல்றேன். ஏறக் கூடாது.”

மிச்சமிருந்தது ரயில்வே மேம்பாலம். ஆறு வாரம், விடியற்காலையில், நாளுக்குப் பத்து முறை ஓடி ஏறினேன். உச்சியில் நேரத்தைக் குறித்துக்கொண்டு நடந்து இறங்குவேன். இறங்குவதை ஓய்வு என்று நினைத்திருந்தேன்.

போட்டிக்கு முந்தின மதியம் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். டீக்கடை அலமாரியில் பிஸ்கட் பாட்டில்களைவிடப் பரிசுக் கோப்பைகள் அதிகம். சரிவை வெட்டிச் சமமாக்கிய மைதானத்தில் கால்பந்து நடந்துகொண்டிருந்தது. பந்து வலையைத் தாண்டித் தேயிலைத் தோட்டத்துக்குள் விழுந்தால் அடித்தவரே இறங்கிப்போய் எடுத்து வரவேண்டும். அதுவரை ஊரே நின்று அவரைக் கிண்டல் செய்தது.

“வரும்போது ரெண்டு கிலோ இலை பறிச்சுட்டு வா மாப்ளே!”

காய்கறிக் கடையில் பெண்கள், மறுநாள் ஓட்டத்தில் யார் முதலில் வருவார் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். நானும் ஓடுகிறேன் என்றதற்கு, எத்தனை கிலோமீட்டர் என்றுதான் கேட்டார்கள். ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது, அவர்கள்மேல் அல்ல.

மறுநாள் ஓட்டத்தில் ஏற்றத்தை ஐம்பத்திரண்டு நிமிடத்தில் முடித்தேன். திட்டமிட்டதைவிட மூன்று நிமிடம் முன்னால். அதற்குப் பிறகு வந்த முதல் வளைவிலேயே தொடைகள் நடுங்கத் தொடங்கின. உடல் முன்னால் சரியச் சரிய, குதிகாலை ஊன்றி நிறுத்தினேன். ஒவ்வொரு அடியும் முழங்காலில் இடித்தது. கேரட் கழுவும் இடத்தில் வேலை செய்கிறேன் என்று தொடக்கத்தில் அறிமுகம் செய்துகொண்ட பெண், ஸ்வெட்டரை இடுப்பில் கட்டியபடி என்னைத் தாண்டினாள்.

“பிரேக் போடாதீங்க! சின்னச் சின்னதா வைங்க, காலு தானா போகும்!”

“தானாத்தான் போவுது, என்னைக் கேக்காம!”

சிரித்தபடி வளைவில் மறைந்தாள். டீ கிளாஸோடு நின்ற ஒருவர் என்னைப் பார்த்து, “கீழ இருந்து வந்தவங்களா? ஏறும்போது எல்லாரும் வீரங்கதான்!” என்றார். கோபப்பட மூச்சு இருந்தது, தொடையில்தான் வலு இல்லை. எட்டாவது கிலோமீட்டரிலிருந்து நடந்தேன். கடைசிச் சரிவில் வேலியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன்.

ஒரு மணி முப்பத்து நான்கு நிமிடம்.

“நாலு நிமிஷம்தானேங்க,” என்றேன் மேசையில் இருந்தவரிடம்.

“நாலு நிமிஷம்தாங்க. அடுத்த வருஷம் வாங்க.” மரியாதையாகச் சொன்னதால் சண்டை போடவும் வழியில்லை.

திங்கட்கிழமை மேலாளர் உட்காரச் சொன்னார். மடக்கினால் தொடை கிழிவது போலிருந்தது. நின்றுகொண்டே சொன்னேன்.

“முடிச்சேன் சார். நாலு நிமிஷம் லேட்டு. சர்ட்டிபிகேட் குடுக்கல.”

“அப்போ அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா.”

“கிரிக்கெட் டீம் போன மாசம் முதல் ரவுண்டுலயே தோத்துட்டாங்க சார்.”

“அது வேற.”

என்ன வேறு என்று கேட்டேன். கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேன்டீனில் காத்திருந்த ஆறு பேரிடமும் நடந்ததைச் சொன்னேன். பேக்கிங் பிரிவில் இருப்பவள், “எறங்கறதுக்கெல்லாமா பயிற்சி எடுப்பாங்க?” என்றாள். எடுப்பார்களாம். அன்று மதியமே இன்னொரு கடிதம் எழுதினேன். அதில் ஓட்டத்தைப் பற்றி ஒன்றுமில்லை. கிரிக்கெட் அணிக்கு எந்தச் சான்றிதழைப் பார்த்து மைதானம் தரப்பட்டது என்ற ஒரே கேள்வி. ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

கடிதம் கொடுத்து மூன்று வாரமாகிறது, பதில் வரவில்லை. ஐந்தரைக்கு மட்டையில் பந்து படும் சத்தம் கேட்கத் தொடங்கும். கம்பெனி பஸ் வரும்வரை நாங்கள் ஏழு பேரும் கேட் ஓரமாக நிற்கிறோம், ஷூ போட்டுக்கொண்டு.