பவுன் பேரில் ஆறாயிரம் வரிகள்

பவுனுக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். அப்பா கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளி. மகள் விமான் நகரில், வீட்டுக்கு மருந்து அனுப்பும் எங்கள் கம்பெனியில் புரோகிராமர். மூன்று வருஷமாக ஒப்பந்த வேலை. நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று மாதக் கடைசியில் டீம் லீட் ஸ்ரீநிவாசன் சொல்லவேண்டும்.

அந்த நேரம் பார்த்தா அவரோடு மல்லுக்கு நிற்பாள்? நின்றாள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கும்போது, இங்கே ஏன் இடைவெளி, அங்கே ஏன் இல்லை என்ற சண்டையிலேயே எங்களுக்குப் பாதி நாள் போய்விடும். அதையெல்லாம் நொடியில் ஒழுங்காக்கும் ஃபார்மேட்டர் என்ற கருவியைப் போடுவோம் என்று நச்சரித்தாள். சலித்துப்போய், என்னமோ செய்யுங்கள் என்றார் அவர்.

சனிக்கிழமை சாங்வியில் இருக்கும் தன் வீட்டில் உட்கார்ந்து, மொத்த புரோகிராமிலும் அதை ஓட்டிவிட்டாள். திங்களன்று ஆறாயிரம் வரிகளிலும், கடைசியாக மாற்றியவர் பவுன் என்று காட்டியது. இனி எது உடைந்தாலும் உன் தலையில்தான் விடியும் என்று அரை கிளாஸ் கட்டிங் சாய் குடிக்கும்போது கிண்டலடித்தேன். அவள் சிரிக்கவில்லை. மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க உட்கார்ந்தாள்.

முகவரிப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் வெளியே தள்ளி நின்றது. வாடிக்கையாளர் பழைய முகவரி வேண்டாமென்றால் மட்டும், அதையும் அதற்கான டெலிவரி நேரத்தையும் அழிக்கவேண்டும். நேரத்தை அழிக்கும் வரி, நிபந்தனைக்குள் இருப்பதுபோல இதுவரை உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்தது. உண்மையில் வெளியே இருந்தது. அதனால் யார் முகவரி மாற்றினாலும் நேரம் அழிந்தது. நாலு மாதமாக ஜனங்கள் எங்களைத் திட்டிக்கொண்டிருந்தது இதற்குத்தான். எத்தனை பேர் பார்த்தும் அகப்படாதது, கருவி வரியை அதன் இடத்தில் வைத்ததும் பளிச்சென்று தெரிந்தது.

யார் எழுதியது என்று பழைய பதிவைத் தோண்டினாள். அவளேதான்.

சத்தமில்லாமல் திருத்தியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவள் நேராக ஸ்ரீநிவாசனிடம் போனாள்.

"சார், முகவரித் தப்பு கிடைச்சிடுச்சு. நான் எழுதினதுதான். ஃபார்மேட்டர் இல்லன்னா இன்னும் தெரிஞ்சிருக்காது."

அவர் அந்தப் பழைய பதிவைத் திரையில் திறந்தார். அந்த வரியைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தவர் அவர்தான். அன்றைக்கு அவர் எழுதிய ஒரே குறிப்பும் அங்கே இருந்தது: கமாவுக்குப் பிறகு ஓர் இடைவெளி விடவும்.

"என் மெஷின்லயும் அதப் போட்டுக் குடுங்க பவுன்," என்றார். "உங்க பர்மனன்ட் ஃபார்ம இன்னிக்கே அனுப்பிடறேன்."